செண்பகாதேவிக்கு நடக்க விடுங்க, குளிக்க விடாதீங்க!

ஜூன் பொறந்தா போதும், மெட்ராஸ், பெங்களூர்ல ஆணி புடுங்கிட்டு இருக்கற நம்ம மக்கள்கிட்டேருந்து ஒரே விசாரிப்புதான். "அண்ணாச்சி, சாரல் ஆரம்பிச்சாச்சா? அருவில தண்ணி விழுதா?" ரெண்டுக்கும் பதில் சொல்லி முடிச்சா மூணாவதா தயங்கித் தயங்கி ஒண்ணு வரும். "செண்பகாதேவிக்கு மேல விடறாங்களா?"

விடலைங்க. கோயில் விசேஷத்துக்கு, சித்ரா பௌர்ணமி மாதிரி நாள்ல, வனத்துறை பார்த்து அனுமதிச்சா உண்டு. மத்த நாள்ல சிற்றருவிக்கு மேல ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

இதைப்பத்தி ரொம்ப நாளா எனக்குள்ள ஒரு கருத்து ஓடிட்டிருக்கு. சொன்னா ரெண்டு பக்கமும் அடி விழும்னு தெரியும். "காடு எல்லாருக்கும் பொது, தொறந்து விடுங்க"ன்னு சொல்ற கோஷ்டியும் ஒத்துக்காது, "மனுஷன் கால் பட்டாலே காடு நாசம்"னு சொல்ற கோஷ்டியும் ஒத்துக்காது. பரவாயில்லை, சொல்லிடறேன். பாதையைத் தொறக்கணும். மேல இருக்கற குளத்தைத் தொறக்கக் கூடாது.

போகாதவங்களுக்காக முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். குற்றாலம்னா பாதிப் பேருக்குப் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், அப்புறம் பார்டர் பரோட்டா. இதோட லிஸ்ட் முடிஞ்சுது. ஆனா பேரருவில தலையில விழற தண்ணி எங்கேருந்து வருதுன்னு யோசிச்சுப் பார்த்திருக்கீங்களா? அது சிற்றாறு. திரிகூட மலையில பொறந்து, காட்டுக்குள்ளயே ரெண்டு தடவை அருவியா விழுந்துட்டுத்தான் நம்மகிட்ட வருது. முதல்ல தேனருவி, அப்புறம் செண்பகாதேவி அருவி, கடைசியாத்தான் பேரருவி. அங்கேயும் நேரா தலையில விழறதில்லை. நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பாறைப் பள்ளம். அதுல விழுந்து, பொங்கி, வேகம் குறைஞ்சு வழியறதைத்தான் நாம 'ஆஹா'ன்னு வாங்கிக்கறோம். அந்தப் பள்ளம் இல்லேன்னா பேரருவிக்கு அடியில ஒருத்தரும் நிக்க முடியாது. அதுக்கப்புறம் அதே ஆறு தென்காசி வழியா ஓடி சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில போய்ச் சேருது. நான் சொல்றது இந்த ஆத்தோட மேல்பகுதியைப் பத்தி.

சிற்றருவிப் பக்கத்துலேருந்து செண்பகாதேவிக்கு ரெண்டு, ரெண்டரை கிலோமீட்டர் இருக்கும். பெரிய ஏத்தம்னு சொல்ல முடியாது. மூச்சு வாங்கும், ஆனா உக்காந்து உக்காந்து போனா அறுபது வயசுக்காரங்களும் போயிடலாம். எங்க பக்கத்துல வயசான ஆச்சிமாரெல்லாம் சித்ரா பௌர்ணமிக்குப் பொங்கல் சாமானைத் தலையில வெச்சுக்கிட்டே ஏறிடுவாங்க. மலையேற்றம்னு ஷூ, கம்பு, முதுகுப்பைன்னு பில்டப் கொடுக்கறவங்க அவங்களைப் பார்த்தா கொஞ்சம் வெக்கப்படணும் :-)

பாதை பூரா ஆத்துச் சத்தம் கூடவே வரும். சில இடத்துல ஆறு கண்ணுக்கே தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் ஒரு வளைவு திரும்பினா சட்டுனு காலுக்குக் கீழ வெள்ளையா பாறை மேல வழிஞ்சு ஓடும். வெயில் தரைக்கு வர்றதே அபூர்வம். சீசன்ல போனா மேலேருந்து விழறது மழையா, சாரலா, மரம் சொட்டறதான்னே புரியாது. மலையணில் ஒண்ணு மரத்துக்கு மரம் தாவும். குரங்கைப் பத்தி சொல்லவே வேண்டாம், நம்ம பையைப் பார்த்தே கையில முறுக்கு இருக்கா மிக்சர் இருக்கான்னு கண்டுபிடிச்சிடும். காலங்காத்தால போறவங்களுக்கு இன்னொண்ணு கிடைக்கும். ஆத்தோரத்துல யாரோ ஒரு பையன் விசில் அடிச்சுப் பழகற மாதிரி ஒரு சத்தம். ராகம் சேரும், சேர்ற மாதிரி வந்து விட்டுப் போயிடும். பையன் இல்லை, சீகாரப் பூங்குருவின்னு ஒரு பறவை. கருநீலத்துல இருக்கும், ஓடைப்பக்கம்தான் சுத்தும். ஒரு தடவை கேட்டா மறக்காது. (அட்டை ஏறும். அதுவும் மறக்காது.)

மேல போனா அம்மன் கோயில், அருவி, அருவிக்கு முன்னால பாறைக்கு நடுவுல ஒரு குளம். சுத்தி மரம். பேருக்குக் காரணமே அங்க இருக்கற செண்பக மரம்னு சொல்வாங்க. அருவி ஒண்ணும் பெரிய உயரமில்லை, பேரருவிக்கு முன்னால இது குழந்தை. ஆனா அந்தக் குளத்தைப் பார்த்ததும் சட்டையைக் கழட்டத் தோணாத மனுஷன் கிடையாது. பச்சையா, தெளிவா, அசையாம, 'வா வா'ன்னு கூப்பிடும்.

அங்கதான் பிரச்னையே.

இந்தக் குளத்துல பல பேர் செத்திருக்காங்க. வெளியூர்ப் பசங்கதான் அதிகம். பத்திரிகையில 'எச்சரிக்கையை மீறி'ன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுவாங்க. படிக்கறவங்களும் 'குடிச்சிட்டுப் போயிருப்பானுங்க'ன்னு பக்கத்தைத் திருப்பிடுவாங்க. சிலர் குடிச்சிட்டுத்தான் போனாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா குடிக்காதவனையும், நல்லா நீந்தத் தெரிஞ்சவனையும் கூட இந்த மாதிரிக் குளம் இழுத்துக்கும். அதுக்குக் காரணம் இருக்கு. 'சாமி குத்தம்', 'வருஷத்துக்கு ஒரு காவு'ன்னு கதை சொல்றதை விட்டுட்டு அதைத் தெரிஞ்சுக்கறது நல்லது.

முதல் விஷயம் ஆழம். தெளிஞ்ச தண்ணியில ஒளி வளைஞ்சு வர்றதால ஆழம் உள்ளதுல முக்கால்வாசிதான் கண்ணுக்குத் தெரியும். பன்னெண்டு அடி இருந்தா ஒம்போது அடி மாதிரி இருக்கும். அடியில கிடக்கற கூழாங்கல் வேற பளிச்சுனு தெரியும், 'நிலைக்கும்'னு நெனச்சு இறங்கிடுவான். சிமெண்ட் நீச்சல் குளம் மாதிரி ஒரே சரிவாவும் இருக்காது. இடுப்பளவுல நின்னுட்டிருப்பான், அடுத்த எட்டு வெக்கும்போது கீழ ஒண்ணுமே இருக்காது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மணலும் கல்லும் இடம் மாறறதால போன வருஷம் நின்ன இடத்துல இந்த வருஷம் நிக்க முடியும்னு கிடையாது.

அடுத்தது அருவி விழற இடம். எல்லாருக்கும் அதுக்கு நேர் கீழ போகணும். அங்க தண்ணி பாதி காத்து, பாதி நுரை. காத்து கலந்த தண்ணியில உடம்பு சரியா மிதக்காது. மேலேருந்து விழற தண்ணி வேற கீழ அமுக்கும், அமுக்கினது அடியில சுத்தி மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும். கிணத்துல குட்டிக்கரணம் போட்டவன், குளத்துல அக்கரை தொட்டுட்டு வந்தவன் எல்லாம் இங்க வேற பாடம் படிக்கணும். பாறையில பாசி, ஏறி வரப் பிடிமானம் கிடையாது. தண்ணியோட குளிர்ச்சியில திடீர்னு மூச்சு வாங்கும், அந்த நேரத்துல வாய்க்குள்ள தண்ணி போனா முடிஞ்சுது.

மூணாவது, இதுதான் ரொம்ப மோசமானது, மேல பெய்யற மழை. கீழ நல்ல வெயில் அடிச்சிட்டிருக்கும். மலை உச்சியில ஒரு மேகம் நின்னு கொட்டிட்டிருக்கும். செங்குத்துப் பாறை, குறுகின பள்ளம், தண்ணி நின்னு நிதானமா வர வழியே கிடையாது. நிமிஷக் கணக்குல வந்து சேரும். பழைய குற்றாலத்துல 2024 மே 17-ம் தேதி நடந்தது ஞாபகம் இருக்கும். திடீர்னு வெள்ளம் வந்து ஜனங்க அலறி ஓடற வீடியோவை நாடே பார்த்தது. பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். அது படிக்கட்டு, போலீஸ், கடைகண்ணி எல்லாம் இருக்கற இடம். ஓடறதுக்கு வழி இருக்கற இடத்துலயே அப்படின்னா, செண்பகாதேவி குளத்துக்குள்ள கழுத்தளவு தண்ணியில நிக்கறவன் எங்க ஓடுவான்?

"அப்போ பூட்டி வெச்சது சரிதானே, எதுக்கு இவ்வளவு பெரிய பதிவு?"ன்னு கேப்பீங்க.

குளத்தைப் பூட்டினது சரி. பாதையைப் பூட்டினதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை. சாவு நடக்கறது தண்ணிக்குள்ள, பாதையில இல்லை. ஆனா நம்ம ஊர் வழக்கம் என்னன்னா, கிணத்துல ஒருத்தன் விழுந்தா தெருவையே அடைச்சிடறது. அடைச்சா கேள்வி கேக்க ஆளில்லை, அதிகாரிக்கும் நிம்மதி. குரங்கணியில 2018 மார்ச்ல காட்டுத்தீயில 23 பேர் இறந்தாங்க. கொடுமையான சம்பவம். ஆனா அதுக்கப்புறம் அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. அதே 2018-ல மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டு வந்தாங்க. பாதைகளை சுலபம், நடுத்தரம், கடினம்னு பிரிச்சாங்க. 2024 அக்டோபர்ல 'டிரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதைகளைத் தொறந்து, ஆன்லைன்ல முன்பதிவு, பயிற்சி கொடுத்த உள்ளூர் வழிகாட்டின்னு ஏற்பாடு பண்ணாங்க. 23 உயிர் போன பிறகும் 'ஒழுங்கா நடத்தினா நடத்தலாம்'னு முடிவுக்கு வர முடிஞ்சதுல்ல? அதே அரசாங்கத்துக்குக் குற்றாலத்துல ரெண்டரை கிலோமீட்டர் பாதையை ஒழுங்கா நடத்த முடியாதா?

விலங்குகளுக்குத் தொந்தரவுன்னு ஒரு பேச்சு வரும். நியாயமான பேச்சுதான். இந்தப் பக்கத்து மலைத்தொடர்ல 2015-ல நெல்லை வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சாங்க, மலையோட அருமை எனக்கும் தெரியும். ஆனா வருஷத்துல சில நாள் மட்டும் தொறந்து, அந்த நாள்ல ஒரேயடியா கூட்டத்தை மேல ஏத்தறது விலங்குக்கு நல்லதா, தினம் நூறு பேரைச் சத்தமில்லாம கூட்டிட்டுப் போறது நல்லதா? சதுரகிரியைப் பாருங்க. 2015 மே மாசம் திடீர் வெள்ளத்துல பக்தர்கள் இறந்தாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல மட்டும்தான் விட்டாங்க. ஆடி அமாவாசைக்கு அங்க போனவங்களைக் கேளுங்க, கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு. மத்த நாளெல்லாம் அடைச்சதும் குறிப்பிட்ட நாள்ல மொத்தக் கூட்டமும் ஒரே பாதையில ஏறுது. குப்பையும் ஒரே நாள்ல மொத்தமா விழுது. ஓடை பொங்கினா மாட்டறதும் மொத்தமா.

அடுத்து, பூட்டினா யாரும் போறதில்லைன்னு நெனக்கறீங்களா? போறாங்க. விடியறதுக்கு முன்னால, செக்போஸ்ட்டைச் சுத்திக்கிட்டு, 'எனக்கு வழி தெரியும்'னு சொல்ற ஒரு பையனை நம்பி. அவங்க மேல போயிருக்காங்கன்னு கீழ யாருக்கும் தெரியாது. வெள்ளம் வந்தா எச்சரிக்க ஆள் கிடையாது, விழுந்தா தூக்க ஆள் கிடையாது. போனதே தப்புங்கறதால உதவி கேக்கவும் பயம். எண்ணிக்கையும் பேரும் எழுதி வாங்கிட்டு அனுப்பினா இந்த நிலைமை குறையும்.

இன்னொண்ணு இருக்கு. அதை நெனச்சாத்தான் எனக்குக் கோவம் வரும். சாமானியனுக்கு மலைத் தண்ணி பக்கமே போகக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்கோம் இல்லையா? அதே மலைத் தண்ணியைத் திருப்பி விட்டு, தனியார் ரிசார்ட்டுக்குள்ள செயற்கை அருவி, 'இயற்கையான குளம்'னு காசு வாங்கிட்டு விட்ட கூத்தும் இதே தென்காசி வட்டாரத்துலதான் நடந்துச்சு. 2022-ல அது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போய், ஆய்வு பண்ணி நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியதாப் போச்சு. காசு இருக்கறவனுக்குத் தண்ணி அறை வாசலுக்கே வந்துச்சு. காசு இல்லாதவனுக்கு 'வனத்துறை எச்சரிக்கை' போர்டு. நான் அரசியல் பேசறவன் இல்லை, ஆனா இதைப் பார்த்தா பேசத் தோணுது.

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நானும் டீக்கடை பெஞ்சுதான். என் யோசனை இதுதான்.

ஒரு நாளைக்கு நூறு பேர். பத்துப் பத்துப் பேரா, கூட ஒரு உள்ளூர் வழிகாட்டி. காலையில ஏழு மணிக்கு முதல் கூட்டம், மதியம் ஒரு மணிக்குள்ள எல்லாரும் கீழ. கட்டணம் வேணும்தான், ஆனா நூறு ரூபாய்க்கு மேல வேண்டாம். அரசாங்கத்தோட மலையேற்றத் திட்டத்துல ஒரு தலைக்கு நூத்துக்கணக்குல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கு வரைக்கும் போகுது. நாலு பேர் இருக்கற குடும்பம் அதுக்கு என்ன பண்ணும்? பாதி சீட்டை நேர்ல வர்றவங்களுக்கு, தமிழ்ல, வரிசையில கொடுக்கணும். ஆலங்குளத்துலேருந்து டவுன் பஸ்ல வர்றவன் ஓடிபி அடிச்சு புக் பண்ணிட்டு வரமாட்டான்.

பேரருவில ஏற்கனவே ஒரு நல்ல அளவுகோல் இருக்கு. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி கொட்டினா குளிக்கத் தடை போடறாங்க இல்லையா? அதையே பாதைக்கும் வெச்சுக்கலாம். வளைவைத் தொட்டா பாதை மூடியாச்சு, பேச்சே கிடையாது. மேல தேனருவிப் பக்கம் மழை, நீர்மட்டம் பார்க்க ஒரு கருவி, கீழ ஒரு சங்கு. ராக்கெட் விடற நாட்டுக்கு இது பெரிய விஷயமில்லை.

பிளாஸ்டிக்குக்கும் வழி இருக்கு. 2022-ல நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பிக் கொடுத்தாங்களே, அதே மாதிரிதான். மேல கொண்டு போற ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்டிக்கர், அம்பது ரூபாய் டெபாசிட். நம்ம ஆளுங்க காட்டுக்காகத் திரும்பக் கொண்டு வரமாட்டாங்க, அம்பது ரூபாய்க்காகக் கண்டிப்பா கொண்டு வருவாங்க. அடுத்தவன் போட்டதையும் பொறுக்கிட்டு வருவாங்க :-) சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு 2014-லயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை குற்றால அருவிகள்ல தடை போட்டாச்சு. மேலயும் அதேதான்.

குளத்துல இறங்கவே கூடாது. கயிறு, கம்பி, ஒரு காவலர். கால் நனைக்க கீழ முழங்கால் அளவு ஓடற இடம் ஒண்ணு பார்த்து ஒதுக்கிக் கொடுக்கலாம். "குளத்துக்குப் போய்ட்டுக் குளிக்காம வர்றதா? அதுக்கு எதுக்கு போகணும்?"னு என் நண்பர் ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார். குளிக்கத்தான் கீழ ஆறு அருவி இருக்கே அய்யா! ஐந்தருவியில நின்னு ஆசை தீரக் குளிங்க, யார் வேண்டாம்னா? மேல போறது குளிக்கறதுக்கு இல்லை. இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, எந்த மரத்து வேர்ல சொட்டி வருதுன்னு பார்க்கறதுக்கு.

எங்க ஊர்ப் பசங்களையே எடுத்துக்கோங்க. பேரருவியில நின்னு வளர்ந்தவன், அதுக்கு மேல ஒரு மைல்ல என்ன இருக்குன்னு தெரியாது. செண்பகாதேவி அவனுக்கு யூடியூப்ல பார்த்த இடம். காட்டையே பார்க்காதவன்கிட்ட நாளைக்கு 'மலையில ரிசார்ட் வருது, மரத்தை வெட்டறாங்க'ன்னு சொன்னா அவனுக்கு என்ன வலிக்கும்? என் வயசு ஆட்கள் பத்துப் பேர் இன்னிக்கு சிற்றாத்துக்காக மனு எழுதிட்டு அலையறாங்கன்னா, அவங்க அத்தனை பேரும் சின்ன வயசுல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பாதையில ஏறினவங்க.

வனத்துறையில ஆள் பத்தாதுங்கறது ஒரு நிஜமான பிரச்னை, அதை மறுக்கலை. ஒரு பீட்டுக்கு ஒரு கார்டு, அவருக்குத் தீ, வேட்டை, யானை விரட்டறது எல்லாம் தலையில. இதுல நூறு பேரை மேய்க்கச் சொன்னா அவர் அழுதுடுவார். அதனாலதான் உள்ளூர்ப் பசங்களை வழிகாட்டியா எடுங்கன்னு சொல்றேன். நூறு பேருக்குத் தலைக்கு நூறுன்னா ஒரு நாளைக்குப் பத்தாயிரம். பத்து வழிகாட்டிக்கு ஆளுக்கு எழுநூறு கொடுத்தாலும் மூவாயிரம் மிச்சம். கயிறும் கம்பியும் சங்கும் காவலர் சம்பளமும் அதுலேருந்து வரட்டும். இப்ப திருட்டுத்தனமா கூட்டிட்டுப் போற அதே பையனுக்குச் சட்டை மாட்டி, நீச்சல், முதலுதவி சொல்லிக்கொடுத்து, பேட்ஜ் குத்தினா அவனைவிட நல்ல காவலன் கிடைக்கமாட்டான். அந்தப் பாறையில எங்க வழுக்கும்னு அவனுக்குத்தான் தெரியும்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாரும் செக்போஸ்ட்டைச் சுத்திக்கிட்டு மேல ஏறிடாதீங்க சாமிகளா. அம்மன் கோயில் விசேஷத்துக்கு எப்ப விடறாங்கன்னு தென்காசிப் பக்கம் தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுட்டு அன்னிக்கு வாங்க. காலையில சீக்கிரம் ஏறுங்க, மதியத்துக்கு மேல கூட்டமும் மேகமும் சேர்ந்து வரும். மிக்சர் பாக்கெட்டைப் பைக்குள்ள அடியில வைங்க.